நெஞ்சுக்கு ஒரு பெல்ட்டு

— கைய தூக்கு.

— தூக்கிட்டுதானே இருக்கேன்க்கா.

— இதுக்குப் பேரு தூக்குறதா? பஸ்ஸ நிறுத்துற மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கிற. இன்னும் மேல. ம். மூச்ச இழு.

— இழுத்துட்டேன்.

— இன்னும் இழு.

— அவ்வளவுதான் வருது.

— அப்படியே நில்லு. முதுகெலும்புலேர்ந்து நடு நெஞ்சு வரைக்கும், முதல்ல இடது பக்கம். இரு. இப்ப வலது. சரி, மூச்ச விடு. மறுபடியும் இடது. மறுபடியும் வலது. என்னடா இது?

— என்ன?

— போன வாரம் மூச்சு இழுத்தப்ப இடது பக்கம் ஆறு நூல், முக்கா இஞ்ச் ஏறிச்சு, வலது பக்கம் ரெண்டு நூல். அளவு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், பாரு. இந்த வாரம் இடது ரெண்டே நூல். வலது ஒண்ணுமே ஏறல.

— டேப்ப லூசா பிடிச்சிருப்ப.

— முப்பது வருஷமா டேப்பு பிடிக்கிற கையப் பாத்துக் கேக்குற. நோவு வந்தது வலது பக்கம். நல்லா இருந்த இடது பக்கம் எதுக்குக் குறையுது?

— எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன டாக்டரா?

— சட்டைக்குள்ள என்ன போட்டிருக்க?

— பனியன்.

— பனியனத் தட்டினா டொக்கு டொக்குன்னா கேக்கும்? சட்டையக் கழட்டு.

— கடையிலயா? ரோட்டுல போறவங்க பாப்பாங்க.

— பாக்கட்டும். உன் அழகுல யாரும் மயங்கி விழப் போறதில்ல. கழட்டுடா.

— கத்தாதக்கா.

— நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கல. கழட்டு. இது என்னது?

— பெல்ட்டு.

— பெல்ட்ட இடுப்புல கட்டுவாங்க.

— இது நெஞ்சுக்கு. நானே தைச்சேன்.

— ரெண்டு மடிப்பு கேன்வாஸு. நாலு வரிசை தையல். முன்னாடி அஞ்சு கொக்கி. தையல் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு, அதச் சொல்லாம இருக்க முடியல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருக்கு. எத்தன நாளா இதக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க?

— அஞ்சு நாள்.

— அஞ்சு நாள். முதல்ல அதக் கழட்டி மேஜை மேல வெய்யி. டாக்டரம்மா என்ன சொன்னாங்க?

— எவ்வளவோ சொன்னாங்க.

— நெஞ்ச இறுக்கிக் கட்டாதன்னு சொன்னாங்களா, இல்லையா? அந்தக் காலத்துல கட்டுவாங்க, இப்ப யாரும் கட்டுறதில்ல, கட்டினா மூச்சு அடி வரைக்கும் போகாது, போகாத இடத்துல சளி தங்கும், காய்ச்சல் திரும்பும்னு சொன்னாங்களா, இல்லையா? நானும் பக்கத்துல உக்காந்து கேட்டேன். எனக்குக் காது செவிடு இல்ல.

— கட்டினா வலி குறையுதுக்கா. மிஷின் முன்னாடி குனிஞ்சா வலது பக்கம் சுருக்குன்னு இழுக்குது. இருமினா உயிரு போகுது. இதக் கட்டினா நெஞ்சு அசையறதில்ல. அசையலன்னா வலிக்கறதில்ல. அதான் சொல்றேன்ல, ஒரு வழி கண்டுபிடிச்சேன்.

— என்ன கண்டுபிடிப்பு. கால் வலிக்குதுன்னு கால மடக்கிக் கட்டிட்டு, இப்ப வலி இல்லன்னு சொல்ற ஆளு நீ. நெஞ்சு அசையணும்டா. அசையறதுக்குத்தான் மணிக்கு ஒரு தடவை பத்து மூச்சு இழுன்னு சொல்லி அனுப்பினாங்க. இன்னைக்கு எத்தன தடவை இழுத்த?

— காலையில ஒரு தடவை.

— பெல்ட்டோட.

— பெல்ட்டோட.

— என் வாயில நல்லா வருது, கேட்டுக்கோ. தம்பியாச்சேன்னு முழுங்குறேன்.

— முழுங்காத, துப்பிடு. ரெண்டு மாசமா நீ எதையும் முழுங்கின மாதிரி தெரியல எனக்கு.

— துப்பட்டுமா? சரி, கேட்டுக்கோ. முதல் நாள் வலி வந்தப்ப நீ என்ன பண்ண? சட்டையில குண்டூசி விட்டுட்டோம்னு சொல்லி மூணு சட்டைய உதறின.

— டெய்லருக்கு நெஞ்சுல ஊசி குத்தினா வேற என்ன நெனப்பான்?

— நாலாவது சட்டை போட்டும் குத்திச்சே. அப்ப நெனச்சிருக்கணும். காய்ச்சல் அடிச்சது, வறட்டு இருமல் வந்தது, மூச்சு இழுத்தா குத்துது, தும்மினா குத்துது, கொட்டாவி விட்டாக் கூடக் குத்துதுன்னு சொன்ன. ஆஸ்பத்திரிக்குப் போடான்னேன். வாயுன்ன. பூண்ட சுட்டுத் தின்ன. மருந்துக்கடையில போய் வலி மாத்திரை வாங்கி பட்டாணி மாதிரி வாயில போட்டுக்கிட்ட.

— எல்லாரும் வாயுன்னுதான் சொன்னாங்க.

— எல்லாரும் யாரு? அந்த டீக்கடைக்காரரும் பூட்டு ரிப்பேர்காரரும். பெரிய வைத்தியருங்க. அதுக்கப்புறம் ஒரு நாள் காலையில சிரிச்சுக்கிட்டே வந்து என்ன சொன்ன?

— விடுக்கா.

— விட மாட்டேன். என்ன சொன்ன?

— வலி போச்சுன்னு சொன்னேன்.

— வலி போச்சு, நான் ஜெயிச்சுட்டேன், உன் ஆஸ்பத்திரிய நீயே வெச்சுக்கோன்னு சொன்ன. ஒரே வாரம். கடை வாசல்ல இருக்குறது ஆறே படி. அத ஏற முடியாம மூணாவது படியில உக்காந்துட்ட. முகம் எல்லாம் சாம்பல் பூத்துப் போச்சு. அப்ப உன்னத் தூக்கிட்டுப் போனது யாரு? டீக்கடைக்காரரா?

— நீதான்.

— நான்தான். அங்க அந்த டாக்டரம்மா படத்த வெளிச்சத்துல மாட்டி வெச்சு உனக்கு என்ன சொன்னாங்க? நீயே சொல்லு. உன் வாயால கேக்கணும் எனக்கு.

— எதுக்கு? பள்ளிக்கூடமா இது?

— சொல்லு.

— நுரையீரல சுத்தி ரெண்டு சவ்வு இருக்குன்னாங்க. ஒண்ணு நுரையீரலோட ஒட்டி, ஒண்ணு விலா எலும்போட ஒட்டி. நான்தான் சொன்னேன், கோட்டுக்கு வெளித்துணியும் லைனிங்கும் மாதிரியான்னு. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆமா டெய்லரே, அதே மாதிரிதான், நடுவுல துளி ஈரம் இருக்கும், அதனால ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கிட்டுப் போகும், மூச்சு விடுறது உங்களுக்கே தெரியாதுன்னாங்க. அதுல புண்ணு வந்தா ரெண்டும் சொரசொரன்னு ஆயிடும். மூச்சு இழுக்குற ஒவ்வொரு தடவையும் உரசும். அந்த உரசல்தான் வலி.

— அப்புறம் ஏன் வலி நின்னுச்சு?

— அக்கா.

— ஏன் நின்னுச்சுன்னு கேக்குறேன்.

— நடுவுல தண்ணி கோத்துக்கிச்சு. ரெண்டு சவ்வையும் தண்ணி பிரிச்சுடிச்சு. உரசறதுக்கு ஒண்ணும் இல்ல. அதனால வலி இல்ல.

— அதான். புண்ணு ஆறி வலி நிக்கல. தண்ணி ஏறி நின்னுச்சு. வலி நின்ன அன்னைக்குத்தான் நீ ஓடியிருக்கணும். முதுகுல ஊசி போட்டு எடுத்தாங்களே, அந்த பாட்டில யாரு பக்கத்துல நின்னு பாத்தது? மஞ்சளா, ஒரு பாட்டில் நெறஞ்சு ரெண்டாவது பாட்டில்லயும் கால்வாசி. இத்தனையும் இவன் நெஞ்சுக்குள்ளயா இருந்துச்சுன்னு டாக்டரம்மாவ ரெண்டு தடவை கேட்டேன். இந்தா, கொஞ்சம்... இரு, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்.

— இதுதான் உனக்கு வேணுமா? தினமும் இதச் சொல்லிக் காட்டினாத்தான் உனக்குத் தூக்கம் வரும் போல.

— உள்ள வரலாமா டெய்லரே? இல்ல நேரம் சரியில்லையா?

— வாங்க டிரைவர், வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. எங்க அக்கா என்னக் கொல்றதுக்கு முன்னாடி ஒரு சாட்சி வேணும்.

— தப்பா எடுத்துக்காதீங்க, பஸ்ஸு ஸ்டாண்டுலேர்ந்தே உங்க சத்தம் கேட்டுச்சு. ரைட்டு, சண்டைன்னா உள்ள ஆளு இருக்காங்கன்னு அர்த்தம், பேன்ட்டு ரெடியா இருக்கும்னு வந்தேன். என்ன டெய்லரம்மா, இப்படி மூச்சு வாங்குறீங்க?

— பின்பக்கம் படி ஏறி வந்தேன், அதான். உங்க பேன்ட்டு மூணும் ஆயிடுச்சு. இடுப்ப ரெண்டு இஞ்ச் பிரிச்சு விட்டிருக்கேன். அதுக்கு மேல உள்ள துணி இல்ல, கேட்டுக்கோங்க.

— தொவைச்சா சுருங்கிடுதும்மா. எங்க ஏரியா தண்ணி அப்படி.

— மூணு பேன்ட்டும் இடுப்புல மட்டும் சுருங்கிச்சா? கால் நீளம் எல்லாம் அப்படியே இருக்கே.

— அது தண்ணிக்கே தெரியும் டெய்லரே, எங்க பிடிக்கணும்னு.

— ஐயோ, சிரிக்க வெக்காதீங்க டிரைவர். வலிக்குது. சிரிச்சா இங்க பிடிச்சு இழுக்குது.

— ரைட்டு, ரைட்டு, நிறுத்திட்டேன். இன்னும் விடலையா அது? ரெண்டு மாசம் ஆச்சே.

— விட்டுடும். ஆறு மாசம் மாத்திரை. கொஞ்சம் தண்ணியும் அந்தச் சவ்வுல ஒரு துளித் தசையும் எடுத்து சோதிச்சாங்க, காசநோய்க் கிருமின்னு வந்துச்சு. எனக்குச் சளியில இல்லையாம், அந்தச் சவ்வுல மட்டும் போய் உக்காந்திருக்கு. மாத்திரைய விடாமப் போட்டா முழுசா போயிடும்னு சொல்லிட்டாங்க.

— அப்ப போட்டுத் தள்ளுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, அதென்ன மேஜை மேல? கவசமா? யாரு யுத்தத்துக்குப் போறா?

— இவன்தான். நெஞ்சுக்குக் கவசம் தைச்சிருக்கான். நல்லா வாழ்த்திட்டுப் போங்க.

— டெய்லரம்மா முன்ன எல்லாம் நான் வந்தாலே சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. போன வாரம் வந்து ஒரு ஜோக்கு சொன்னேன், விலாப் பக்கத்தப் பிடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டாங்க. என் ஜோக்கு அவ்வளவு மோசமான்னு வீட்டுல கேட்டேன். ஆமான்னுட்டா.

— அடுப்புல வேலை இருந்துச்சு டிரைவர். பேன்ட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க, உங்க பஸ்ஸு போயிடப் போகுது.

— நான் இல்லாம அது எங்க போகும்? ரைட்டு, வரேன்.

— பாத்துப் போயிட்டு வாங்க.

— போயிட்டாரா?

— போயிட்டாரு. இப்ப மறுபடியும் ஆரம்பி.

— நான் எதுக்கு ஆரம்பிக்கணும்? உனக்கு வெக்கமா இல்லையாடா? அந்த மனுஷனுக்கு இருக்குற அக்கறை உனக்கு உன் உடம்பு மேல இல்ல.

— உனக்கு என் மேல அக்கறையா இருக்கு? கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் என் நோவ நீதானே சொல்லி வெச்சிருக்க? என் கத்திரிக்கோல எடுத்து உன் பக்கம் வெச்சுக்கிட்ட. என் மிஷின்ல உறைய மாட்டி மூடிட்ட. நான் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து போற வர்ற வண்டிய எண்ணணும், நீ உள்ள ராணி மாதிரி ஆர்டர் போடணும். நான் நல்லா ஆயிட்டா உனக்கு அளக்கறதுக்கு ஆளு இருக்காது. அதான் உன் கவலை.

— என்னடா சொன்ன?

— சொன்னது சொன்னதுதான்.

— நீ படுத்துக் கெடக்கணும்னு நான் ஆசைப்படுறேனா? நானா? பன்னெண்டு வயசுல உனக்கு முதல் தடவை ஊசியில நூல் கோக்கக் கத்துக் குடுத்த கைடா இது. வாயில இருந்து வர்ற வார்த்தையப் பாரு.

— சரி, தப்புதான். வாய் தவறிடிச்சு.

— தவறல. உள்ள இருந்ததுதான் வந்துச்சு.

— உள்ள என்ன இருக்குன்னு கேளு, சொல்றேன். அறுபது கோட்டு. மருத்துவக் கல்லூரிப் புள்ளைங்களுக்கு அறுபது வெள்ளைக் கோட்டு, வெள்ளிக்கிழமை குடுக்கணும். நீ ஒத்த ஆளு. போன வாரம் முழுக்க ஸ்டூல்ல உக்காந்து நான் வண்டிய எண்ணல, உன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு கோட்டுக் கை தைக்க மூணு தடவை நிறுத்தின. சாஞ்சு உக்காந்த. இஸ்திரிப் பெட்டிய இடது கையில தூக்கின. உனக்கு இடது கைப்பழக்கமே கெடையாது. நீ படுற பாட்டப் பாக்க முடியாமத்தான் இந்தப் பெல்ட்ட தைச்சேன். அஞ்சு நாளா நீ குளிக்கப் போற நேரம், கடைத்தெருவுக்குப் போற நேரம், மிஷின் உறையக் கழட்டிப் பதினோரு கோட்டு முடிச்சிருக்கேன். நீ முடிச்ச அடுக்குல கலந்து வெச்சேன்.

— பதினொண்ணு.

— எண்ணிப் பாரு.

— எனக்குத் தெரியும். காலர் முனை உன்னோடது. எனக்கு அவ்வளவு கூரா வராது.

— தெரிஞ்சும் கேக்கலையா?

— மிச்ச நேரத்துல உக்காந்து தைச்சிருக்கான், போகட்டும்னு நெனச்சேன். பெல்ட்டு கட்டிக்கிட்டுத் தைச்சன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்காக நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம். தண்ணி எடுத்தாச்சு, இனிமே அந்த ரெண்டு சவ்வும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம இருக்கணும், அதுதான் இப்ப கவலைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீதான் அதுக்கும் ஒரு கதை சொன்ன. ஒட்டுக் கேன்வாஸு மேல இஸ்திரிப் பெட்டி வெச்சா துணியோட பிடிச்சுக்குமே, அந்த மாதிரின்னு.

— ஆமா. ஒட்டிக்கிட்டா நுரையீரல் விரியாது.

— விரியாது. அப்புறம் கத்தி வெச்சுப் பிரிக்கணும். நாம எத்தன தடவை அத இழுத்துப் பாத்திருக்கோம், துணி கிழியாம வந்திருக்கா? வெள்ளிக்கிழமை போனா வேற வெள்ளிக்கிழமை வரும். அறுபது கோட்டுக்கு உன் நெஞ்ச நான் குடுக்க மாட்டேன்.

— சரி.

— என்ன சரி?

— பெல்ட்டு கட்டல. போதுமா?

— எதுல தைச்ச இத?

— பழைய கோட்ட பிரிச்சேன். வாங்க வராமலே போயிட்டாரே அந்த வாத்தியார், அவரோடது. புது கேன்வாஸ் சுருள்ல கை வெக்கல. கோட்டுக் காலருக்குள்ள வெக்கப் பத்தாமப் போயிடும்னு தெரியும்.

— ஏற்கெனவே பத்தல.

— என்னது?

— அம்பத்தி ஆறு காலருக்குத்தான் வந்துச்சு. நாலு குறையுது.

— எப்படிக் குறையும்? நான் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். அறுபதும் வந்து ஒரு சாண் மீதி நிக்கணும்.

— கடைக்காரன் அளவுல குறைச்சிருப்பான்.

— அவனா? இப்பவே போய்க் கேக்குறேன். என் எதிர்லதான் அளந்தான். சட்டைய எடு.

— விடு.

— எதுக்கு விடணும்? நாலு காலரு.

— விடுன்னா விடு. நாலு காலருக்கு வேற துண்டு பாத்துக்கலாம்.

— நீயா சொல்ற? ஒரு பட்டன் குறைஞ்சதுக்கு வெயில்ல ரெண்டு மைல் நடந்து போய்ச் சண்டை போட்டவ நீ.

— வயசாச்சுடா. எல்லாத்துக்கும் மல்லுக்கு நிக்கத் தெம்பு இல்ல. நீ உக்காரு. கத்திரிக்கோல் இந்தா, உன்னோடதுதான், எடுத்துக்கோ. அந்தப் பெல்ட்ட நீயே பிரி. என் கண்ணு முன்னாடி பிரி.

— இவ்வளவு நல்ல தையல.

— பிரி. பிரிச்ச துணிய உறையாத் தைச்சு, உள்ள வெட்டுத் துண்ட அடைச்சு, ஒரு சின்னத் தலகாணி தைச்சுக்கோ. இருமல் வந்தா நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இருமு. டாக்டரம்மா தலகாணிதான் சொன்னாங்க, கவசம் சொல்லல.

— சரி. மாத்திரை பாக்க வர்ற ஆஸ்பத்திரி நர்சம்மா நாளைக்கு வருவாங்களா?

— வருவாங்க. மாத்திரை அட்டைய எடுத்து வெய்யி. எண்ணிப் பாப்பாங்க.

— உன்னோட படத்தையும் எடுத்து வெய்யி. போன தடவையே கேட்டாங்க. கூட இருக்குறவங்க எல்லாரும் எக்ஸ்ரே எடுக்கணும், ஒரே வீடு, ஒரே கடை, யார்கிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சுன்னு பாக்கணும்னு சீட்டு குடுத்துட்டுப் போனாங்களே.

— எடுத்தாச்சுன்னு சொன்னேனே. சுத்தமா இருக்கு.

— படம் எங்க?

— அங்கயே வெச்சுக்கிட்டாங்க.

— என் படத்த என் கையில குடுத்தாங்க.

— உனக்கு நோவு, உனக்குக் குடுத்தாங்க. எனக்கு எதுக்கு? பேசாம வேலையப் பாரு.

— வெட்டுத் துண்டுப் பை எங்க? மேஜைக்கு அடியிலயா?

— நீ குனியாத. நான் எடுத்துத் தரேன்.

— குனிஞ்சாச்சு. பரவாயில்ல, பெல்ட்டு இல்லாமலும் குனிய முடியுது. மெதுவாப் போனா வருது.

— அந்தப் பைய இங்க குடு. நல்ல துண்டா நான் பொறுக்கித் தரேன்.

— தலகாணிக்குள்ள போறதுக்கு எதுக்கு நல்ல துண்டு? எல்லாம் ஒண்ணுதான்.

— குடுடா இங்க.

— இருக்கா. என்ன அவசரம்? அக்கா.

— என்ன?

— இது புது கேன்வாஸு.

— காலர் வெட்டினதுல விழுந்திருக்கும்.

— காலர்ல இந்த வளைவு விழாது. இது கைக்குழி, கை நுழையற இடம். ரெண்டு பக்கமும் இருக்கு. இதோ இன்னொரு துண்டு. மார்புக்குக் கீழ வளைச்சு வெட்டியிருக்கு. என் பெல்ட்டு நேர்த் துண்டு, இதுல எதுவும் அதுலேர்ந்து விழல.

— யாராவது கஸ்டமருக்கு வெட்டினது.

— எந்தக் கஸ்டமரு? ரெண்டு மாசமா நாம கோட்டத் தவிர எதத் தைச்சோம்?

— ஞாபகம் இல்ல. போடு உள்ள.

— சாக்பீஸ்ல அளவு எழுதியிருக்கு. உன் எழுத்து. அளவும் உன்னோடது. பதினஞ்சு வருஷமா உன் துணிய வெட்டுறது நான், எனக்கா தெரியாது? கடைக்காரன் குறைக்கல. நாலு காலர் எங்க போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

— கத்தாத.

— நான் கத்தல. உன் பெல்ட்ட எப்ப தைச்ச?

— பத்து நாள் ஆச்சு.

— எனக்கு முன்னாடியே.

— உன்னோடதப் பாத்ததும் அதான் அப்படிக் கத்தினேன். என்ன மாதிரியே இதுவும் ஒரு முட்டாள்னு.

— எந்தப் பக்கம்?

— அத விடு.

— எந்தப் பக்கம்னு கேக்குறேன்.

— வலது. உன்னோடது மாதிரிதான். சட்டையில குண்டூசின்னுதான் நானும் முதல்ல பாத்தேன்.

— எக்ஸ்ரே எடுக்கவே இல்ல.

— எடுக்கல.

— என்ன உக்கார வெச்சு டேப்பு பிடிச்ச. மூச்சு இழுன்ன. எனக்குப் பாடம் நடத்தின. ஒவ்வொரு வார்த்தையும் என் வாயாலயே சொல்ல வெச்ச. தெரிஞ்சுக்கிட்டே எப்படிக்கா?

— ரெண்டு பேரும் படுத்துட்டா யாருடா யாருக்குப் பாட்டில் பக்கத்துல நிக்கறது? கோட்ட முடிச்சுட்டுப் போலாம்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே.

— வெள்ளிக்கிழமை போனா வேற வெள்ளிக்கிழமை வரும்னு இப்பத்தான் சொன்ன. எழுந்திரு.

— எங்க?

— முதல்ல அந்தப் பெல்ட்ட அவுரு.

— கட்டல. கழட்டி வெச்சுட்டேன்.

— பொய் சொல்லாத. டேப்பு என் கையில இருக்கு. கைய தூக்குக்கா.

— நெஜமாத்தான்டா. இனிமே அது தேவையில்ல. முந்தாநாள்லேர்ந்து எனக்கு வலிக்கவே இல்ல.